அவர் ஒரு அடிதான் கேட்டார்

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் டைரக்டர் மாஸ்டரை வால்தம்ஸ்டோவுக்கு, எங்கள் வீட்டுக்கு, சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தாயே, அன்று தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து அம்மா ஓமத்தண்ணீர் அவித்துத் தந்துகொண்டிருக்கிறாள். நானும் வாங்கிக் குடிக்கிறேன். எனக்கு வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. நீ பிறப்பதற்கு முன் நான் செய்த ஒரு வேலை, அந்த மனிசன் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு வாயைத் திறந்ததும் திரும்பி வந்துவிட்டது. அதை உனக்கு எழுதுகிறேன். உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். ஊரெல்லாம் வாசிக்கிற பத்திரிகைக்கு ஏன் இதைக் கொடுக்கிறீங்கள் என்று கொதிக்காதே. காரணம் பின்னால் வரும். கொதி எங்கள் வீட்டு வியாதி, அதை எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.

அம்மா இரண்டு நாளாக மினக்கெட்டு நண்டுக்கறி வைத்திருந்தாள். எழுபது தாண்டின மனிசன், கை நடுங்குகிறது, ஆனால் நண்டுக் காலைப் பல்லால் கடித்து உடைத்துத்தான் தின்றார். ரஷ்யாவில் அவருடைய படங்களை ஓடவிடாமல் மறித்ததும், ஒரு பெட்டியோடு லண்டனுக்கு வந்ததும், எழுபது வயதில் ஒரு அறைக்குள் முதலிலிருந்து தொடங்கினதும் எல்லாம் நீதான் சொன்னாய். நீ அவருக்குப் பக்கத்தில் சாமிக்குப் பக்கத்தில் நிற்கிற ஐயர் மாதிரி நின்றுகொண்டிருந்தாய். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, அந்த ஜெயில் சீனை எப்பிடி எடுத்தவர் எண்டு கேளுங்கோ. பிலிம் ஸ்கூலில அதை மட்டும் ஒரு டேர்ம் முழுக்கப் படிச்சனாங்கள்" என்றாய். நான் எனது பஸ் ஓட்டுகிற இங்கிலீசில் கேட்டேன், அந்தச் சிறைக்காவலனாக நடித்தவன் யார் என்று. அவர் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "ஒரு இந்தியன். பேர் தெரியாது. ஒரு மிருகம். நான் ஒரு அடிதான் கேட்டேன், அவன் நாலு தந்தான். அதைச் சொல்லிக்கொடுத்து வாங்க முடியாது. கண்டுபிடிக்கத்தான் முடியும்." பிறகு உன் தோளில் கையை வைத்து, "உங்கள் மகனிடமும் அது இருக்கிறது" என்றார். உன் முகம் பூரித்துப்போனது. அம்மா ஏதோ புகழ்ச்சி என்று நினைத்து இன்னொரு நண்டுக் காலை அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள்.

அந்த இந்தியன் நான்தான் தம்பி. இந்தியனும் இல்லை, யாழ்ப்பாணத்தான். அவருக்கு அப்போதும் வித்தியாசம் தெரியாது, இப்போதும் தெரியாது. என் முகத்துக்கு நேரே இருந்து என் வீட்டு நண்டைத் தின்றுகொண்டு என்னை மிருகம் என்று சொல்லிவிட்டுப் போகிறார், நான் தண்ணீர் எடுத்து நீட்டுகிறேன்.

அதைக்கூட விழுங்கியிருப்பேன். போகும்போது வாசலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு நீ ஒன்று சொன்னாய். "அப்பா, நாளைக்கு இல்லை, அடுத்த திங்கக்கிழமை எங்கட புதுப் படத்தில தேவன் மாமாவின்ர ஜெயில் சீன். மாஸ்டர் என்னையே அந்த வார்டராய் நடிக்கச் சொல்லிட்டார். தேர்ட் டேக்கில ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. மாமாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, சரியே?" கண்ணையும் அடித்தாய். கதவைச் சாத்திவிட்டு நான் படியில் இருந்துவிட்டேன். அந்த சர்ப்ரைஸ் என்னவென்று எனக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்த ஆட்கள் நாலைந்து பேர்தான் இருப்போம்.

தேவனும் நானும் மொஸ்கோவில் அகப்பட்டு நின்ற கதையை நீ கொஞ்சம் கேட்டிருக்கிறாய். லண்டனுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு மறைந்துவிட, இரண்டு அறைக்குள் பதினாலு பேர் ஒரு பனிக்காலம் முழுக்கக் கிடந்தோம். வெளியே இறங்கினால் மெட்ரோ வாசலில் பொலிஸ் பிடிக்கும், பொலிஸ் விட்டால், கறுத்தவனைக் கண்டால் அடிக்கிற மொட்டைத் தலைக்காரர் பிடிப்பார்கள். எங்களில் ஒருத்தனைப் பகல் வெளிச்சத்தில், சனம் பார்த்துக்கொண்டு நிற்க, நிலத்தில் போட்டு மிதித்து முன்பல் மூன்றை எடுத்தார்கள். சாப்பிடப் பாண் வாங்க ஆர் போகிறது என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தோம். அப்படி இருக்கும்போதுதான் குகன் வந்தான். அங்கே டொக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்துப் பொடியன், ரஷ்ய பாஷை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "அண்ணை, ஒரு படம் எடுக்கினம். கறுத்த ஆக்கள் வேணுமாம், கைதிகளாய் நிக்க. மூண்டு நேரமும் சுடச்சுடச் சாப்பாடு. அதோட, படக்குழு ஆள் எண்டு முத்திரை குத்தின கடுதாசி ஒண்டு தருவினம். அதைக் காட்டினா பொலிஸ் தொடாது" என்றான். அந்தக் கடுதாசி என்றதும் பதினாலு பேரும் எழும்பிவிட்டோம்.

நகரத்துக்கு வெளியே, கைவிட்ட செங்கல் தொழிற்சாலை ஒன்று. அதைத்தான் ஏதோ ஒரு வெயில் நாட்டுச் சிறைச்சாலை ஆக்கியிருந்தார்கள். வெளியே முழங்காலளவு பனி, உள்ளே நாங்கள் சேட்டில்லாமல், வேர்வைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு நின்றோம். உன் மாஸ்டருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைக்குத் தொப்பி போடமாட்டார், கண் இரண்டும் வெளியே வந்து விழுகிற மாதிரி இருக்கும். நாங்கள் அவருக்கு முழியர் என்று பேர் வைத்தோம். நீ அவரைப் பற்றிப் புத்தகத்தில் படித்தாய், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு நாள் கமராக்காரனின் முகத்தில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீரை எறிந்தார். அடுத்த நிமிடம் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். இன்னொரு நாள், அழுகை வராத ஒரு நடிகையின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பனிக்குள் முகத்தைப் புதைத்துப் பிடித்தார். அவள் எழும்பி வந்து அழுதாள், அதைப் படம் பிடித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். கோதாரி, அதைப் பெரிய மனிசரின் கலை என்று நினைத்தோம்.

சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு வந்திருந்து சூப் குடிப்பார். தன் கதையைச் சொல்வார், குகன் தமிழில் சொல்வான். நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். தகப்பன் குடிகாரன் இல்லையாம், அதுதான் பயமாம். நிதானமாக அடிப்பாராம். பெல்ட்டைக் கழற்றி இரண்டு தரம் மேசையில் அடிப்பார், மூன்றாவது முதுகில் விழும். சில நாள் மூன்றாவதும் மேசையில் விழும். அதனால் எப்போது தன்னில் விழும் என்று தெரியாதாம். "அந்த மூன்றாவதுக்குக் காத்திருக்கிற முதுகில் தெரிகிறது உண்மை. மற்றதெல்லாம் நடிப்பு" என்று சொன்னார். அவருடைய முதல் படம் ரயில் நிலையத்தில் காத்திருக்கிற ஒரு பெண்ணைப் பற்றியது. அதை அதிகாரிகள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வருசக்கணக்காக அவர் டிராம் வண்டி கழுவி வயிறு வளர்த்தார். ஆட்சி விழுந்தது, அலுமாரி திறந்தது, ஒரு கிழமையில் நாடு முழுக்க அவர் பேர். இந்தக் கதையைக் கேட்டபோது நான் அவரில் இரக்கப்பட்டேன். என்னைப் போல அடி வாங்கின ஆள், என் இனம் என்று நினைத்தேன். இதையும் நீ நினைவில் வைத்திரு. அடி வாங்கினவன் எல்லாம் நல்லவன் என்று நினைக்கிற விசர் எங்கள் ஆட்களுக்கு நிறைய இருக்கிறது.

பெரிய சீன் எடுக்கிற நாள் வந்தது. காவலன் கைதியை அடிக்கிற சீன். காவலனும் அந்த நாட்டுக்காரன்தான், ஆகவே எங்களில் ஒருத்தன் வேண்டும். முழியர் எங்களை வரிசையில் நிறுத்தி, "உங்களில் ஆர் உண்மையாய் அடி வாங்கினது?" என்று கேட்டார். பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் வாங்கியிருப்போம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, தேவனும்தான். அவன் ஆமி முகாமுக்குள் போகாத அதிர்ஷ்டசாலி. நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன்! இன்றைக்கும் அந்தக் கையை வெட்டிப்போடலாம் போல இருக்கிறது. பத்தொன்பது நாள் நான் முகாமில் இருந்ததை நீ அறிவாய், அங்கே நடந்ததை நான் உனக்குச் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த ரஷ்யனுக்குச் செய்து காட்டினேன். தண்ணீர்க் குழாய்க்குள் மண் நிரப்பி இரண்டு பக்கமும் அடைக்கிற விதம். எங்கே அடித்தால் தோல் கிழியாது, எங்கே அடித்தால் ஆள் மூச்சுவிட மறப்பான். இரண்டாவது அடிக்கு முன் ஒரு சிகரெட் பற்றவைத்துக்கொண்டு காத்திருக்கிற விதம். அவருடைய முழிக் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது தம்பி. பெருமை! என்னை அடித்தவங்களின் தொழிலை நான் அவ்வளவு வடிவாகப் படித்து வைத்திருந்தேன், அதை மெச்ச ஒரு ஆள் கிடைத்தார்.

எனக்குக் காக்கி உடுப்பும் சப்பாத்தும் தந்தார்கள். சப்பாத்து அளவாக இருந்தது. "இவர்களில் உன் சிநேகிதன் ஆர்?" என்று கேட்டார். யோசிக்காமல் தேவனைக் காட்டினேன். கதிரையில் அவனை இருத்திக் கையைப் பின்னால் கட்டி, தலையில் சாக்கைப் போட்டார்கள். முகம் பொய் சொல்லும், முகத்தை மூடினால் உடம்பு பொய் சொல்லாது என்று முழியர் விளக்கம் சொன்னார். பஞ்சு அடைத்த குழாயால் முதல் டேக். சாக்குக்குள்ளிருந்து தேவன், "மச்சான், கிச்சுக்கிச்சு மூட்டுறியோடா?" என்று சிரித்தான். இரண்டாவது டேக். அதுவும் பஞ்சுதான். பிறகு முழியர் என்னைச் சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், மண் நிரப்பின குழாயைக் கையில் தந்து ஏதோ சொன்னார். குகனின் முகம் வெளிறிவிட்டது. "அண்ணை, மூண்டாவது தரம் இதால அடிக்கட்டாம். ஒரு அடி. காதுப் பக்கம். அவருக்குச் சொல்லக் கூடாதாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. உங்களுக்குக் கைச் சுளுக்கு எண்டு நான் மாத்திச் சொல்லிவிடுறன்" என்றான். கேட்டாயா? எனக்கு வழி இருந்தது. இருபது வயதுப் பொடியன் ஒருத்தன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நான், "சும்மா இரடா, உன்ர வேலையைப் பார்" என்று சொன்னேன்.

முத்திரை குத்தின கடுதாசிக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். கடுதாசி எப்படியும் கிடைத்திருக்கும். எனக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க ஆசை வந்தது. பத்தொன்பது நாள் கதிரையில் இருந்தவனுக்கு, நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டியிருந்தது. அடித்தேன். இடது காது. தேங்காய் உடைக்கிற சத்தம் வந்தது. "ஐயோ அம்மா" என்று கத்தின தேவன், அடுத்தபடி என்ன சொன்னான் தெரியுமா? "மச்சான், பைப் மாறிப்போச்சடா! நிப்பாட்டு, பிழை பைப்படா!" அவனுக்கு என்னில் அவ்வளவு நம்பிக்கை. நான் இரண்டாவது அடித்தேன். மூன்றாவது அடித்தேன். முழியர் "ஸ்டோப்" என்று கத்தினதும் கேட்டது, எல்லாம் கேட்டது, நாலாவதும் அடித்தேன். குகன் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்து விழுத்தினான். படத்தில் அந்த இடத்தில் நீ ஒரு காற்றுச் சத்தம் கேட்பாய், அதைப் பற்றிக் கட்டுரைகூட எழுதினாய். அந்தக் காற்றுக்குக் கீழே தேவன் மாமா தமிழில் கத்துகிறான்.

முழியர் அழுதுகொண்டு வந்து என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். சாக்கு இரத்தத்தில் தோய்ந்து கழற்ற முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு கோப்பை சூப் குடித்தேன். பின்னேரம் கட்டுப் போட்ட தலையோடு படுத்திருந்தவனிடம் போய், "பைப்பை மாறித் தந்திட்டாங்கள் மச்சான்" என்றேன். "ஓமடா, நான் கத்தினனான், உனக்குக் கேக்கேல்லப் போல" என்றான். அந்தக் காது அதோடு சரி.

இனி ஏன் பத்திரிகையில் என்பதற்கு வருகிறேன். லண்டன் வந்து, குரோய்டனில் அகதி விசாரணை நடக்கிற அந்தப் பெரிய கட்டிடத்தில் இருவரும் மணிக்கணக்காக இருந்து பதில் சொன்னோம். தேவன் தன் காதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் சனம் விடுமா? "காதுக்கு என்ன நடந்தது, ஆமி அடிச்சதோ?" என்று கேட்பார்கள். முதல் தரம் யாரோ கேட்டபோது அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓம்" என்றான். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான். அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உனக்கு ஐந்து வயதிருக்கும்போது, இங்கே ஒரு மண்டபத்தில் ஆமியின் கொடுமைக்குச் சாட்சி சொல்ல, நிறையச் சனத்துக்கு முன்னால் என்னை மேடையில் ஏற்றினார்கள். நான் மைக்கைப் பிடித்து, தேவனை எழும்பி நிற்கச் சொல்லி, ஆமிக்காரன் அவனுடைய காதை எப்படி உடைத்தான் என்று அடி அடியாக வர்ணித்தேன். சனம் விம்மி அழுதது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஆமி செய்ததற்கு எங்களிடம் கணக்கில்லாத சாட்சி இருக்கிறது, என் முதுகே சாட்சி. அதற்குள் நான் செய்ததையும் தள்ளிவிட்டு ஒளித்தேன். அன்று அழுத சனத்தில் கனபேர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற ஆட்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என்னைத் திட்ட விரும்புகிறவர்கள் திட்டட்டும்.

உனக்கும் ஒன்று இருக்கிறது. உனக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடத்துக் கடிதம் ஒன்றை ஒளித்துவிட்டாய். குசினியில் வைத்து உன் காதைப் பொத்தி அறைந்தேன். நீ சிலை மாதிரி நின்று, "ஸொறி அப்பா" என்றாய். சொன்ன பிறகும் அடித்தேன். மூக்கால் இரத்தம் வந்தது. மூன்றாவதுக்குக் கை ஓங்கினபோது அம்மா இடியப்ப உரலைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். "இன்னொருக்காப் பிள்ளையில கை வைச்சியளெண்டா மண்டையைப் பிளப்பன்" என்றாள். செய்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் படியில் விழுந்தேன் என்று சொல்லு என்று உனக்குப் படிப்பித்ததும் நான்தான். நீ அப்படியே சொன்னாய். அதை ஒருநாளும் நான் உன்னிடம் பேசவில்லை. பிழை என்னுடையது, உன்னுடைய கடிதத்தினுடையது இல்லை. மன்னித்துக்கொள். பிறகு நீ வளர்ந்து, பிலிம் ஸ்கூலிலிருந்து ஒரு விடுமுறைக்கு வந்து, எங்கள் டிவியில் அந்தப் படத்தைப் போட்டு, "அப்பா, அந்தக் கையைப் பாருங்கோ, இப்பிடி ஆராலும் நடிக்க ஏலாது" என்றாய். திரையில் என் கை. நீ அதைத் திருப்பித் திருப்பி ஆறு தரம் போட்டாய். நான் எழும்பிப் போய்க் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துணிவு வரவில்லை.

நேற்றுக் காலை பஸ்ஸைப் பிடித்துக் குட்மேய்ஸுக்கு, தேவன் வீட்டுக்குப் போனேன். அவன் தனியே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். வழமைபோல அவனுடைய வலது பக்கம் இருந்துகொண்டு சொன்னேன். "மச்சான், அண்டைக்குப் பைப் மாறேல்ல."

"தெரியும்" என்றான்.

"எப்பிடித் தெரியும்?"

"ஒருக்கா மாறலாமடா. நாலு தரமும் மாறுமே? நான் செவிடன்தான், விசரன் இல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என்னைத் தேற்றவில்லை. "முப்பது வருசமாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன், எப்ப வந்து சொல்லுவாய் எண்டு. அண்டைக்கு நீ என்னைக் கேட்டிருந்தா நான் ஓம் எண்டிருப்பனடா. எனக்கும் அந்தக் கடுதாசி வேணும்தானே. மச்சான், உண்மையாய் ஒரு அடி அடிக்கச் சொல்லுறாங்கள், தாங்குவியோ எண்டு கேட்டிருந்தா, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்திருப்பன். நீ கேக்கேல்ல" என்றான். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினான். "இப்ப உனக்கு ஒண்டு தரப்போறன். சொல்லிப்போட்டுத்தான் அடிக்கிறன். எழும்பு." எழும்பினேன். அறுபது வயது மனிசனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, ஒரே அறையில் உதடு வெடித்துச் சுவரோடு போய் விழுந்தேன். என்னைத் தூக்கி இருத்தி, துடைக்கத் துவாயைத் தந்து, கேத்தலைத் திரும்பவும் போட்டான். அம்மாவிடம் பஸ்ஸில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன், அவள் இதைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு என்ன செய்வாள் என்று யோசிக்கவும் பயமாக இருக்கிறது.

பத்திரிகையில் எழுதட்டோ என்று கேட்டேன். கேட்டுச் செய்ய இந்த வயதில்தான் பழகுகிறேன். "எழுது. ஆனா என்ர பேரைப் போடாதை. தேவன் எண்டு போடு, வடிவான பேர்" என்றான். அதனால்தான் இந்தப் பேர். உன் நடிப்புக் கதையும் வந்தது. "அவன் உன்னைப்போலை இல்லையடா" என்றான். "இஞ்ச வந்து, பக்கத்தில இருந்து, மாமா, நடிக்க வருவியளோ, ஏலுமோ எண்டு வடிவாய்க் கேட்டவன். தான்தான் அடிக்கிறவனாம், பயப்பிடாதேங்கோ, பஞ்சுதானாம். எனக்கெண்டால் அவன் கேட்ட விதத்தில நெஞ்சு நிறைஞ்சுபோச்சு." சிரித்துக்கொண்டே சொன்னான் தம்பி. நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, உன் மூன்றாவது டேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை.

உன் மாஸ்டரை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். அந்த மனிசனுக்குத் திறமை இருக்கிறது, அவர் பட்டதெல்லாம் உண்மை, தகப்பனின் பெல்ட்டும் உண்மை. நாட்டைவிட்டு ஓடி வந்து, மொழி தெரியாத ஊரில், நடுங்குகிற கையோடு கடைசிப் படம் எடுக்கிறார். எனக்கு அதில் பொறாமைகூட இல்லை. ஆனால் இவ்வளவு புகழுக்குப் பிறகும் அவர் அந்தச் சுரங்க ஊர் மேசையை விட்டு எழும்பவில்லை. பெல்ட்டை மட்டும் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொருத்தன் கையில் கொடுக்கிறார். ஒருத்தனும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. நான் தள்ளவில்லை. அவர் கேட்டதற்கு மேல் மூன்று போட்டுக் கொடுத்தேன். நான் அதனால்தான் அவரைக் குற்றம் சொல்லித் தப்ப மாட்டேன், உன்னையும் தப்ப விடமாட்டேன். உன்னிடமும் அது இருக்கிறது என்று அவர் சொன்னபோது நீ பூரித்தாயே, அதை நினைத்தால் என் ஈரல் எரிகிறது. இருக்கலாம். என் பிள்ளைதானே நீ. இருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நீதான் முடிவெடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த புத்தி ஒன்றுதான். ஒருத்தனில் கை வைக்க முதல் அவனிடம் சொல்லு. சொன்னால் அவன் ஓம் என்கிறானா, இல்லை என்கிறானா, எழும்பி உன்னை அறைகிறானா, அது அவன் விருப்பம். சொல்லாமல் அடித்து எடுத்த படத்தை உலகமே எழும்பி நின்று கை தட்டினாலும், அது உன் மாமாவின் நம்பிக்கையைக் களவெடுத்து எடுத்த படம்.

இது சனிக்கிழமை வெளிவரும். ஒரு பிரதியை இன்று புதன்கிழமையே உன் வீட்டுக் கதவுக்குள்ளால் போடுகிறேன். சனிக்கிழமை காலை தேவன் கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி, தேத்தண்ணீரோடு கடைசி வரி வரை வாசிப்பான். அதற்கு முன் குட்மேய்ஸுக்குப் போ. வலது பக்கம் இருந்துகொண்டு அந்த சர்ப்ரைஸை உன் வாயால் சொல்லு. அவன் அறைந்தால் வாங்கிக்கொள், அவனுடைய அறை நல்ல அறை. உன்னால் ஏலாவிட்டால், என் எழுத்தில் அவன் அதை அறிந்துகொள்வான், திங்கட்கிழமை படப்பிடிப்புக்கு வரமாட்டான். பயப்படாதே, உன் மாஸ்டரின் கதிரை வெறுமையாக இருக்காது. நான் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டேன். நான் வந்து அதில் இருக்கிறேன். என் கையைக் கட்டத் தேவையில்லை. தேவனுக்கு மிச்சம் இருப்பது ஒரு காது. எனக்கு இரண்டும் நன்றாகக் கேட்கிறது. எது வேணுமோ எடுத்துக்கொள்.

அப்பா